டீசன்ட், டிசென்ட்: காதாலும் கையாலும் எப்படிப் பிரிப்பது?

கொட்டகலைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறேன்.

போன மாதம் ஒரு புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்தேன். நம்மைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். நாலு தலைமுறையாக இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம், எங்கள் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பாஸ் பண்ணின முதல் பெண் பிள்ளை நான், நாங்கள் இந்திய வம்சாவளியினர் என்றெல்லாம் எழுதினேன். வம்சாவளிக்கு ‘டிசென்ட்’ என்று அகராதியில் பார்த்து வைத்துக்கொண்டுதான் எழுதினேன், ஆனால் எழுதி முடித்த தாளில் இருந்தது ‘டீசன்ட்’. கம்ப்யூட்டரும் சிவப்புக் கோடு போடவில்லை. நேர்முகத்தில் அந்தப் பந்தியை வாசிக்கச் சொன்னார்கள், நானும் தாளில் இருந்தபடியே ‘இந்தியன் டீசன்ட்’ என்று வாசித்தேன். எதிரே இருந்தவர் “என்ன சொல்ல வருகிறீர்கள்?” என்று கேட்டார். திரும்ப வாசித்தேன், திரும்பக் கேட்டார். மூன்றாவது தடவை எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

வேறு ஏதாவது சொல்லில் பிழை விட்டிருந்தால் மறந்திருப்பேன். அப்பத்தாவையும் தாத்தாவையும் பற்றிச் சொல்கிற அந்த ஒரு வரியில் போய்த் தடுக்கியதுதான் இன்னும் உறுத்துகிறது.

இரண்டையும் சொல்லும்போது எப்படிப் பிரிப்பது, எழுதும்போது எப்படி ஞாபகம் வைப்பது? தம்பியும் இந்த வருடம் ஓ.எல். (சாதாரணதரப் பரீட்சை) எழுதுகிறான், அவனுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுங்கள்.

பண்டாரவளை டீச்சர்:

தங்கச்சி, இது ஆங்கிலம் தெரியாததால் வந்த பிழை இல்லை. 22 வருடமாகப் படிப்பிக்கிறேன், நன்றாக எழுதுகிற பிள்ளைகளின் விடைத்தாளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். ‘டீசன்ட்’ நமக்கு எப்போதோ தமிழாகிவிட்டது. “டீசன்டா உடுத்திக்கிட்டுப் போ”, “டீசன்டான ஆள்” என்று வீட்டில் கேட்டே வளர்ந்திருக்கிறோம். ‘டிசென்ட்’ என்று எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. அதனால் கையும் வாயும் பழகின பக்கமே போகின்றன.

இன்னொன்று அழுத்தம். தமிழில் ‘மலை’ என்பதில் முதல் எழுத்தை அழுத்தினாலும் அடுத்த எழுத்தை அழுத்தினாலும் அது மலைதான், நமக்குப் பொருளை மாற்றுவது குறிலும் நெடிலும். மலை வேறு, மாலை வேறு. கொடு வேறு, கோடு வேறு. ஆங்கிலத்தில் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதே சொல்லை மாற்றிவிடும், நம் காதோ அதைத் தேடிப் பழகவில்லை. அதனால் நான் வகுப்பில் அழுத்தத்தையும் குறில் நெடிலாக்கித்தான் சொல்லிக்கொடுப்பேன். நாகரிகம், கண்ணியம் என்ற பொருளில் வருவது நெடிலில் தொடங்குகிறது: டீ. குரலின் பலம் முழுக்க அந்த ‘டீ’யில். பின்னால் வரும் ‘சன்ட்’ பாதி விழுங்கப்பட்டதுபோல இருந்தால் போதும். வம்சாவளி என்ற பொருளில் வருவது குறிலில் தொடங்குகிறது: டி. அதைச் சட்டென்று கடந்து ‘சென்ட்’டில் போய் அழுத்த வேண்டும். கையால் மேசையைத் தட்டிச் சொல்லிப் பாருங்கள், முதல் சொல்லுக்குத் தட்டு முன்னால் விழும், மற்றதற்குப் பின்னால் விழும். தம்பியை எதிரே உட்காரவைத்து ஒரு பத்துத் தடவை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள், கண்ணை மூடிக்கொண்டு எது என்று அவன் கண்டுபிடிக்கட்டும்.

எழுத்துக்கு வருவோம். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், எஸ். டீசன்ட்: டி, ஈ, சி, ஈ, என், டி. டிசென்ட்டில் ‘சி’க்கு முன்னால் ஒரு ‘எஸ்’ வரும். அந்த இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி, ‘சயன்ஸ்’ என்ற சொல்லின் தொடக்கத்தில் இருக்கிறதே அதே மாதிரி. உடுப்பில் அடிக்கிற சென்ட் இருக்கிறது பாருங்கள், அதை ஆங்கிலத்தில் எஸ், சி, ஈ, என், டி என்றுதான் எழுதுவார்கள். அந்தச் சென்ட்டுக்கு முன்னால் டி, ஈ போட்டால் நமக்கு வேண்டிய டிசென்ட் வந்துவிடும், எழுத்தும் சரி, ஒலியும் சரி. பிள்ளைகளுக்கு இது மறப்பதே இல்லை.

சிவப்புக் கோடு வராததற்குக் காரணம், இரண்டுமே சரியான சொற்கள் என்பதுதான். எழுத்துப் பிழை இருந்தால்தான் அது கோடு போடும், சொல் மாறிப்போனால் பெரும்பாலும் பேசாமல் விட்டுவிடும். ஆகவே நீங்களேதான் சோதிக்க வேண்டும். அந்த இடத்தில் ‘நல்ல’ என்று போட்டுப் பாருங்கள். நல்ல வீடு, நல்ல சம்பளம், நல்ல மனிதர் என்று பொருந்தினால் டீசன்ட். ‘வம்சம்’ என்று போட்டால்தான் பொருந்துகிறது என்றால் டிசென்ட். ‘ஆஃப் இந்தியன்’ என்று தொடங்கிய பிறகு ‘நல்ல’ வரவே முடியாது.

இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரக்கூடிய இடமும் நம் ஆட்களுக்கு உண்டு, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1999இலிருந்து ‘டீசன்ட் வர்க்’ என்று ஒரு கொள்கையை முன்வைக்கிறது. நியாயமான கூலி, வேலையிடத்தில் பாதுகாப்பு, சங்கம் வைக்கும் உரிமை எல்லாம் அதற்குள் வரும். தமிழில் கண்ணியமான வேலை என்கிறார்கள். ஐ.நா.வின் 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் 8ஆவதின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது. கொழுந்து எடுக்கிற நம் அம்மாமாரைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுகிற பிள்ளை, இந்திய ‘டிசென்ட்’ மக்களுக்கு ‘டீசன்ட்’ வேலை வேண்டும் என்று எழுதத்தான் போகிறது. அன்றைக்கு இடம் மாறிவிடக் கூடாது.

நானுஓயா தாத்தா:

டீச்சர் அழகாகச் சொன்னார். நான் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன், இலக்கணம் அவ்வளவு தெரியாது. ஆனால் இந்த டிசென்ட்டுக்கு இறக்கம் என்றும் ஒரு பொருள் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் வம்சாவளியும் தானாகப் புரியும் என்பது என் அனுபவம்.

பிள்ளை, பதுளை ரயிலில் போயிருப்பீர்கள். நாவலப்பிட்டியிலிருந்து மூச்சு வாங்க ஏறி ஏறி, கொட்டகலை, நானுஓயா எல்லாம் தாண்டி, பட்டிப்பொல வரும்போது 6,000 அடிக்கு மேல். நாட்டிலேயே உயரத்தில் இருக்கிற ஸ்டேஷன் அது. கொஞ்சம் தள்ளிச் சுரங்கத்தைத் தாண்டினதும் வண்டி மறுபக்கம் சாய ஆரம்பிக்கும். ஒஹிய, இதல்கஸ்ஹின்ன, அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல என்று பதுளை வரைக்கும் மொத்தத்தில் இறக்கம்தான். சரிவான இடங்களில் 44 அடி போனால் 1 அடி இறங்கும். தெமோதரையில் இறக்கத்தைச் சமாளிக்க முடியாமல் பாதையையே வளைத்து, ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கம் போட்டு விட்டிருக்கிறார்கள், மேலே நின்ற வண்டி சுற்றி வந்து அதே ஸ்டேஷனுக்குக் கீழே போகும். அந்த இறங்குகிற பயணம் இருக்கிறதே, அதுதான் டிசென்ட். சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணிப் பக்கமாக ஏறுவது ‘அசென்ட்’, விடியக்காலையில் முழங்கால் கடுக்கப் படி இறங்கி வருவது ‘டிசென்ட்’.

வெள்ளைக்காரன் குடும்ப வரைபடம் போட்டால் பாட்டன் பூட்டனை மேலே எழுதிப் பிள்ளைகளைக் கீழே எழுதுவான். மேலேயிருந்து கீழே இறங்கி வருவதால் அதற்கும் டிசென்ட் என்றே பெயர். நாம் ‘வழி வந்தவர்’ என்கிறோம், அவன் ‘இறங்கி வந்தவர்’ என்கிறான். பட்டிப்பொலையை நினைத்துக்கொள்ளுங்கள், மாறாது.

கண்டியில் சட்டம் படிக்கிறவன்:

தாத்தா சொன்ன ‘அசென்ட்’டைப் பார்த்ததும் இதையும் எழுதத் தோன்றியது, ஏனென்றால் உண்மையில் இது இரண்டு சொல் பிரச்சினை இல்லை, ஐந்து சொல் பிரச்சினை. டிசென்ட் என்று அச்சு அசல் அதே ஒலியில் இன்னொரு சொல் இருக்கிறது, மாற்றுக் கருத்து என்று பொருள். நீதிமன்றத்தில் மூன்று நீதியரசர்களில் ஒருவர் மற்ற இருவரோடும் உடன்படாமல் தனித் தீர்ப்பு எழுதினால் அது ‘டிசென்ட்’. காதால் இதைப் பிரிக்கவே முடியாது, இடத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதேபோல அசென்ட்டும் இரண்டு, ஒன்று ஏற்றம், ஒன்று இசைவு.

எழுத்தில் பிரிக்க எனக்கு உதவியது வேர்தான். ஏறுவதற்கு லத்தீனில் ‘ஸ்கான்டெரே’. அதிலிருந்து வந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் எஸ்ஸும் சியும் சேர்ந்து வரும், அந்த ‘ஸ்க’ ஒலியின் எச்சம் அது. உணர்வதற்கு, கருதுவதற்கு லத்தீனில் ‘சென்டிரே’. அதிலிருந்து வந்த இசைவுக்கும் மறுப்புக்கும் இரண்டு எஸ் வரும், சி வராது. ‘டீசன்ட்’ இந்த இரண்டு குடும்பத்திலும் சேராது, ‘தகும், பொருந்தும்’ என்ற பொருளுள்ள இன்னொரு வேரிலிருந்து வந்தது. அதனால்தான் அதில் எஸ்ஸே இல்லை.

ஒரே இடத்தில் இவற்றில் மூன்றைப் பார்க்க வேண்டுமானால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பாருங்கள். சட்டத்தின் உள்ளே ‘டிசென்ட்’, அதாவது வம்சாவளிப் பிரஜை யார் என்ற வரைவிலக்கணம். பாராளுமன்றத்தில் அதற்கு எதிராக மலையகப் பிரதிநிதிகளும் இடதுசாரிகளும் காட்டிய எதிர்ப்பு மற்ற ‘டிசென்ட்’. கடைசியில் பிரிட்டிஷ் மகுடத்தின் பெயரால் மகாதேசாதிபதி (கவர்னர் ஜெனரல்) கொடுத்த இசைவு ‘அசென்ட்’. பரீட்சைக்குப் படிக்கும்போது இப்படித்தான் மனதில் வைத்தேன்.

பழைய கிளாக்கர், அக்கரப்பத்தனை:

மகள், உங்கள் கேள்வியை ரெண்டு தரம் வாசித்தேன். ‘அந்த ஒரு வரியில் போய்த் தடுக்கியது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லில் தடுக்கியது நீங்கள் முதல் ஆள் இல்லை. நம் ஆட்கள் லட்சக்கணக்கில் அந்தச் சொல்லில் தடுக்கி விழுந்தார்கள்.

தம்பி சொன்ன 1948ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வருடம் நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இங்கே பிறந்தவர் ‘பை டிசென்ட்’ பிரஜையாக வேண்டுமானால் அவருடைய தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகப்பனின் தகப்பனும் அவருக்குத் தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். என் தாத்தா இந்தத் தோட்டத்து லயத்தில்தான் பிறந்தார் என்று பாட்டி சொல்லுவார். அவர் எத்தனை நாள் பேர் போட்டார் என்று தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் இருக்கும், எத்தனை ராத்தல் அரிசி வாங்கினார் என்றும் எழுதி வைத்திருப்பார்கள், பிறந்த பதிவுதான் இருக்காது. நான் 1972இல் தோட்டக் கந்தோரில் சேர்ந்தேன். பழைய லெட்ஜர்களை ஒரு மழைக்காலம் முழுக்கப் புரட்டினேன், ஒரு வரி கிடைக்கவில்லை.

1949இல் பதிவு மூலம் பிரஜாவுரிமை பெற ஒரு சட்டம் வந்தது. கல்யாணம் ஆனவருக்கு 7 வருடம், ஆகாதவருக்கு 10 வருடம், 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் இடைவிடாமல் இங்கே இருந்ததாக நிரூபிக்க வேண்டும். இந்தியாவில் தாய் செத்த வீட்டுக்குப் போய் வந்தவர்கூட அந்தப் பயணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. விண்ணப்பங்களில் பெரும்பாலானவை தள்ளுபடி. அப்புறம் 1964 அக்டோபர் 30, சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்கள் 975,000 பேர் என்று கணக்கெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். என் அண்ணன் கோத்தகிரிக்குப் போனார், நான் இங்கே நின்றேன். தலைமன்னார் ரயிலில் ஏற்றிவிட்டு வந்த அன்று எங்கள் லயத்தில் ஒருவரும் அடுப்பு மூட்டவில்லை.

மிச்சப் பேருக்கு 1988இலும் 2003இலும் சட்டம் வந்துதான் கணக்குத் தீர்ந்தது. அதுவரை அரசாங்க வேலைக்கு ஒரு படிவம் எடுத்தால் ‘பை டிசென்ட்’டா ‘பை ரெஜிஸ்ட்ரேஷன்’னா என்று கேட்கும், இரண்டாவது என்றால் சான்றிதழ் இலக்கம் கேட்கும். பிள்ளைகள் அந்தப் படிவத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, “ஐயா, இதுல எதை வெட்டுறது?” என்று கேட்பார்கள். இரண்டையும் வெட்ட வேண்டிய பிள்ளைக்கு நான் என்ன சொல்ல முடியும்.

அதனால் மகள், டீச்சர் சொன்னபடி மேசையைத் தட்டித் தட்டிப் பழகுங்கள். அந்தச் சொல்லை நம் பிள்ளைகள் சுத்தமாக உச்சரிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

இராகலை அண்ணன்:

எனக்கு ஒரு சின்னக் கேள்வி. இந்திய வம்சாவளி என்பதற்கு ‘ஒரிஜின்’ என்று எழுதினால் இந்தக் குழப்பமே வராதே? 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில்கூட அப்படித்தான் இருக்கிறது. நான் என் பிள்ளைகளிடம் மலையகத் தமிழர் என்றே எழுதச் சொல்கிறேன், மொழிபெயர்க்கவே வேண்டாம்.

கண்டியில் சட்டம் படிக்கிறவன்:

எழுதலாம் அண்ணே, தப்பே இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றில்லை. ‘ஒரிஜின்’ மூலம் எங்கே என்று சொல்கிறது, ‘டிசென்ட்’ யாருடைய வழி என்று சொல்கிறது. தமிழில் இரண்டுக்கும் வம்சாவளி என்றே எழுதிவிடுகிறோம். உங்களை எப்படி அழைத்துக்கொள்வது என்பது உங்கள் விருப்பம், ஆனால் படிவத்தில் பிரஜாவுரிமையைப் பற்றிக் கேட்கிற இடத்தில் டிசென்ட் என்றுதான் இருக்கும், அதை விட்டு ஒதுங்க முடியாது. அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரையிலும் அந்தச் சொல் இருக்கிறது, வம்சாவளியால் வந்த பிரஜாவுரிமை, பதிவால் வந்த பிரஜாவுரிமை என்று எந்த நோக்கத்துக்கும் வேறுபாடு காட்டக் கூடாது என்று.

கொட்டகலைக்காரி:

இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நேற்று இரவு தம்பியும் நானும் மேசையைத் தட்டிக்கொண்டு இருந்தோம். பத்தில் முதலில் ஆறுதான் சரியாகப் பிடித்தான், பிறகு ஒன்பது. சென்ட் போத்தல் அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது.

கிளாக்கர் ஐயா, நீங்கள் எழுதியதை அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் நாலாக மடித்து வைத்திருந்த அவருடைய பிரஜாவுரிமைச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தார். எழுபதுகளில் கொடுத்தது. அப்போது அப்பாவுக்கு நாலு வயது, அவர் பெயரும் அதில் இருக்கிறது. நான் இதுவரை பார்த்ததே இல்லை. அது பதிவு மூலம் வந்தது என்று இப்போது புரிகிறது.

இன்னொரு இடத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், அந்தப் படிவத்திலும் அதே கேள்வி இருக்கிறது ஐயா. எங்கள் வீட்டில் இருப்பது பதிவுச் சான்றிதழ். நான் எதை வெட்ட வேண்டும்?

பழைய கிளாக்கர், அக்கரப்பத்தனை:

மகள், நீங்கள் பிறந்தபோது உங்கள் அப்பா இந்த நாட்டுப் பிரஜை. 1948க்குப் பிறகு பிறந்தவர்களுக்குச் சட்டம் கேட்பது அதைத்தான், 2003இலிருந்து தாய் பிரஜையாக இருந்தாலும் போதும். அப்பத்தாவும் அப்பாவும் பதிவால் வந்தவர்கள், நீங்களும் தம்பியும் அவர்கள் வழி வந்தவர்கள். ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ என்பதை வெட்டிவிடுங்கள், இலக்கம் கேட்கிற கோட்டைச் சும்மா விடுங்கள். ‘டிசென்ட்’ என்பது உங்களுடையது. அப்பத்தாவின் காகிதத்தை ரெண்டு பிரதி எடுத்து வையுங்கள், அசலை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.